ஒரே மண்டபம், இரண்டு சமையல் கோஷ்டி

லினக்ஸ் போட்ட கணினியைப் பற்றி வரும் புகார்களைக் காது கொடுத்துக் கேட்டால், பாதிக்கு மேல் இரண்டு வாக்கியங்களில் அடங்கிவிடும். "படம் ஓடுது, சத்தம் வரல" என்பது ஒன்று. "விண்டோஸ் அப்டேட் ஆச்சு, அப்புறம் லினக்ஸையே காணோம்" என்பது இன்னொன்று. இரண்டுக்கும் பலர் செய்யும் வைத்தியம் ஒன்றுதான்: எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து நிறுவுவது. பெரும்பாலும் அது தேவையே இல்லை.

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11-க்கோ டிபிஎம் 2.0 வேண்டும், புதிய பிராசசர் வேண்டும். அதனால் பழைய லேப்டாப் வைத்திருக்கும் பலர், விண்டோஸை வைத்துக்கொண்டே பக்கத்தில் லினக்ஸையும் ஏற்றிப் பார்க்கிறார்கள். தமிழ்நாட்டுக்கு இந்த இரட்டைக் குடித்தனம் பழக்கமானதுதான். 2011-இல் தொடங்கிய அரசின் இலவச மடிக்கணினித் திட்டத்தில் மாணவர்கள் கைக்கு வந்த கருவிகளில் விண்டோஸோடு சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது.

உள்ளே என்ன நடக்கிறது என்று புரிய, ஒரு கல்யாண மண்டபத்தின் சமையல்கட்டை எடுத்துக்கொள்வோம். சமையல்கட்டு ஒன்று, அதில் வேலை செய்யும் கோஷ்டிகள் இரண்டு. ஒரு நேரத்தில் ஒரு கோஷ்டிதான் உள்ளே இருக்க முடியும். அடுப்பு, உக்கிராணம், சுவர்க் கடிகாரம், வாசல் சாவி எல்லாம் பொது. இரண்டு கோஷ்டிக்குமே சமைக்கத் தெரியும். பிறகு ஏன் பந்தியில் குழப்பம்? ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு மாறுகிற இடத்தில்தான் சாம்பார் சிந்துகிறது. எந்தக் கை, எந்தக் கைக்குக் கொடுக்கும்போது சிந்தியது என்று கண்டுபிடித்தால் பாதி வேலை முடிந்தது.

கேரியருக்குள் என்ன இருக்கிறது?

எம்கேவி, எம்பி4, ஏவிஐ என்பவை அடுக்கு கேரியரின் ரகங்கள். கேரியரை வெளியிலிருந்து பார்த்து உள்ளே இருக்கும் பண்டத்தைச் சொல்ல முடியாது. ஓர் அடுக்கில் காட்சி, அடுத்ததில் ஒலி, அதற்கும் கீழே சப்டைட்டில். சில கேரியர்களில் தமிழ், தெலுங்கு, இந்தி என்று ஒலிக்கே மூன்று அடுக்கு இருக்கும்.

ஒவ்வோர் அடுக்கிலும் இருப்பது பொரிக்காத அப்பளம். எவ்வளவு சுருக்கியிருக்கிறார்கள் என்று கணக்குப் போடலாம். 1920க்கு 1080 புள்ளி கொண்ட ஒரு படச்சட்டம், புள்ளிக்கு 3 பைட் வீதம் 6 மெகாபைட்டுக்கு மேல் வரும். நொடிக்கு 24 சட்டம் என்றால் ஏறக்குறைய 150 மெகாபைட். இரண்டு மணி நேரப் படம் ஒரு டெராபைட்டைத் தாண்டும். உங்களிடம் இருக்கும் கோப்போ 2 ஜிபி. ஐந்நூறில் ஒரு பங்காகத் தட்டி உலர்த்தியிருக்கிறார்கள். அதைத் திரும்பப் பொரிக்கும் பக்குவம்தான் கோடெக்.

காட்சிக்குப் புழக்கத்தில் இருக்கும் பக்குவங்கள் முக்கியமாக மூன்று: 2003-இல் வந்த எச்.264, 2013-இல் வந்த எச்.265 என்கிற ஹெச்இவிசி, 2018-இல் வந்த ஏவி1. ஒலிக்கு எம்பி3, ஏஏசி, டால்பியின் ஏசி-3, அதன் அடுத்த பதிப்பான இ-ஏசி-3, ஓபஸ் என்று தனி வரிசை. காட்சிக்கான பக்குவம் தெரிந்து, ஒலிக்கானது தெரியாமல் போனால் படம் ஓடும், சத்தம் வராது. கோப்பு கெட்டுப்போகவில்லை. ஸ்பீக்கரும் போகவில்லை. இரண்டாவது அடுக்கைத் திறக்க ஆள் இல்லை, அவ்வளவுதான்.

அதைக் கண்ணால் பார்க்கலாம். விஎல்சியில் படத்தை ஓடவிட்டு கன்ட்ரோல்-ஜே அழுத்தினால் ஒரு சாளரம் திறக்கும். அதில் 'ஸ்ட்ரீம் 0' என்று காட்சி அடுக்கு. கோடெக் என்ற வரியில் ஹெச்இவிசி என்றிருக்கும். 'ஸ்ட்ரீம் 1' என்று ஒலி அடுக்கு. அங்கே இ-ஏசி-3 என்றும், எத்தனை சேனல் என்றும் இருக்கும். மீடியாஇன்ஃபோ என்ற சிறு கருவியும் இதையே இன்னும் விரிவாகச் சொல்லும். எந்தப் பழுதையும் தேடத் தொடங்கும் முன் இந்த இரண்டு வரியைக் குறித்துக்கொள்ளுங்கள். "எம்கேவி ஓடல" என்று ஒருவரிடம் உதவி கேட்டால் அவருக்கு ஒன்றும் விளங்காது. "ஹெச்இவிசி ஓடுது, இ-ஏசி-3 வரல" என்று கேட்டால் ஒரே வரியில் பதில் வரும்.

பக்குவம் தெரியும், சமைக்க அனுமதி உண்டா?

லினக்ஸில் இந்தப் பக்குவங்கள் ஏன் முதலிலேயே இருப்பதில்லை? தெரியாததால் இல்லை. 2000-இல் ஃபாப்ரிஸ் பெல்லார்டு தொடங்கிய எஃப்எஃப்எம்பெக் என்ற கட்டற்ற மென்பொருளுக்கு ஏறக்குறைய எல்லாப் பக்குவமும் அத்துபடி. சிக்கல் காப்புரிமையில். எச்.264, ஹெச்இவிசி போன்றவற்றுக்குப் பல நிறுவனங்கள் காப்புரிமை வைத்திருக்கின்றன. விண்டோஸ் விற்கும் நிறுவனம் உரிமத் தொகையை விலையில் சேர்த்துவிடலாம். இலவசமாகக் கொடுக்கும் லினக்ஸ் வெளியீட்டுக்கு யார் தலையில் அதைக் கட்டுவது?

அமெரிக்க நிறுவனமான ரெட் ஹாட்டின் ஆதரவில் வரும் ஃபெடோரா இதில் ரொம்பக் கறார். எம்பி3-ஐக்கூட அதன் காப்புரிமைகள் காலாவதியாகும் கட்டம் வரை அது சேர்த்துக்கொள்ளவில்லை. எம்பி3 உரிமத் திட்டத்தை ஜெர்மனியின் ஃபிரான்ஹோஃபர் நிறுவனம் முடித்துக்கொண்டது 2017 ஏப்ரலில். 2022-இல் ஃபெடோரா இன்னொரு படி போய், கிராஃபிக்ஸ் சிப் வழியாக எச்.264-ஐயும் ஹெச்இவிசியையும் பொரிக்கும் வசதியைத் தன் மெசா தொகுப்பிலிருந்து எடுத்துவிட்டது. ஒரு அப்டேட்டுக்குப் பிறகு திடீரென்று படம் திக்கித் திணறுவதாகப் பலர் புலம்பியது அதனால்தான். ஆர்பிஎம் ஃப்யூஷன் என்ற தனிக் களஞ்சியத்தைச் சேர்த்தால் முழு எஃப்எஃப்எம்பெக்கும் கிடைக்கும், எடுக்கப்பட்ட அந்த வசதியும் திரும்ப வரும்.

உபுண்டு கொஞ்சம் தாராளம். நிறுவும்போதே 'கூடுதல் மீடியா வடிவங்களையும் சேர்க்கவா' என்று கேட்டு ஒரு கட்டம் காட்டும். அவசரத்தில் அதை டிக் செய்யாமல் தாண்டிவிட்டவர்கள், பிறகு 'உபுண்டு ரெஸ்ட்ரிக்டட் எக்ஸ்ட்ராஸ்' என்ற தொகுப்பை நிறுவிக்கொள்ளலாம். லினக்ஸ் மின்டில் வரவேற்புத் திரையிலேயே மல்டிமீடியா கோடெக்குகளுக்கு வழி இருக்கிறது.

"வெறும் வீடியோ பிளேயரில் ஓடாத படம் விஎல்சியில் ஓடுகிறதே, எப்படி?" என்பது அடுத்த கேள்வி. ஜினோம் மேசைத்தளத்தோடு வரும் பிளேயருக்குச் சொந்தமாகச் சமையல் மாஸ்டர் கிடையாது. ஜிஸ்ட்ரீமர் என்ற பொதுச் சமையல்கட்டில் யார் இருக்கிறாரோ அவரை அழைக்கும். அங்கே மாஸ்டர்களை குட், பேட், அக்லி என்று மூன்று கூடையாகப் பிரித்திருக்கிறார்கள். அக்லி கூடையில் இருப்பவர்களின் கைமணத்தில் குறை இல்லை. உரிமச் சிக்கல்தான் குறை. தேவையான மாஸ்டர் நிறுவப்படாவிட்டால் பிளேயர் கையை விரித்துவிடும். விஎல்சி அப்படியில்லை. எஃப்எஃப்எம்பெக்கின் பொரிக்கும் பகுதியை எடுத்துக்கொண்டு, தன் ஆட்களோடு வரும். பாரிஸில் எகோல் சென்ட்ரால் கல்லூரி மாணவர்கள் 1996-இல் தொடங்கிய திட்டம் அது. மென்பொருளுக்குக் காப்புரிமை செல்லாத பிரெஞ்சுச் சட்டம் அதற்குக் கை கொடுக்கிறது.

ஆகவே முதல் சோதனை எளிது. ஓடாத கோப்பை விஎல்சியிலோ எம்பிவியிலோ போட்டுப் பாருங்கள். அங்கே ஓடினால் கோப்பு சரி, ஸ்பீக்கர் சரி. பழைய பிளேயருக்கு மாஸ்டர் கிடைக்கவில்லை. அங்கும் ஓடாவிட்டால் வேறு ஒரு கோப்பைப் போட்டுப் பாருங்கள். அது ஓடினால் முதல் கோப்பில் கோளாறு. அதுவும் ஓடாவிட்டால் கோடெக்கை விட்டுவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போகலாம்.

அம்மியா, கிரைண்டரா?

படம் ஓடுகிறது, ஆனால் விட்டு விட்டு. லேப்டாப் மின்விசிறி இரைகிறது, அடிப்பக்கம் சுடுகிறது. மாஸ்டர் இருக்கிறார், அம்மியில் அரைத்துக்கொண்டிருக்கிறார் என்று பொருள்.

பொரிக்கும் வேலையைப் பொது பிராசசரிலும் செய்யலாம், கிராஃபிக்ஸ் சிப்பில் அதற்கென்றே இருக்கும் தனிப் பகுதியிலும் செய்யலாம். முன்னது அம்மி: எதையும் அரைக்கும், ஆனால் தோள் வலிக்கும். பின்னது கிரைண்டர்: தெரிந்ததை நொடியில் அரைக்கும், தெரியாததைத் தொடவே தொடாது. எது தெரியும் என்பது சிப்பின் தலைமுறையைப் பொறுத்தது. இன்டெலை எடுத்துக்கொண்டால், ஆறாம் தலைமுறைச் சிப் 8 பிட் ஹெச்இவிசியை முழுதாகக் கையாளும். 10 பிட் ஹெச்இவிசிக்கு ஏழாம் தலைமுறை வேண்டும். ஏவி1-க்குப் பதினொன்றாம் தலைமுறை. ஆறாம் தலைமுறை லேப்டாப்பில் 'மெயின் 10', அதாவது 10 பிட், என்று குறித்த ஒரு படம் திணறினால், எந்த லினக்ஸ் வெளியீட்டை மாற்றினாலும் தீராது. அதே படத்தின் எச்.264 பதிப்பைத் தேடிக்கொள்வதுதான் வழி.

சிப்புக்குத் தெரிந்திருந்தும் லினக்ஸ் அதைப் பயன்படுத்தாமல் விடுவதும் உண்டு. விஏ-ஏபிஐ என்பது கிரைண்டரின் சுவிட்ச். விஏஇன்ஃபோ என்ற சிறு கட்டளையை முனையத்தில் ஓட்டினால், கிரைண்டருக்குத் தெரிந்த பண்டங்களின் பட்டியல் வரும். அதில் ஹெச்இவிசி மெயின்10 என்ற வரியின் எதிரே விஎல்டி என்று இருந்தால் பொரிக்கும் வசதி உண்டு. பட்டியலே வராமல் பிழைச் செய்தி வந்தால் இயக்கி, அதாவது டிரைவர், நிறுவப்படவில்லை. இன்டெலில் ஐந்தாம் தலைமுறை தொடங்கிப் புதியவற்றுக்கு ஒரு டிரைவர், அதற்கு முந்தையவற்றுக்கு வேறொன்று. பொருந்தாததைப் போட்டால் சுவிட்ச் வேலை செய்யாது.

இலையில் விழுந்ததா?

சமைத்தாயிற்று, பரிமாறுவது அடுத்த கை. ஒலி விஷயத்தில் லினக்ஸ் இந்தப் பரிமாறுபவரை இருபது ஆண்டுகளில் சிலமுறை மாற்றியிருக்கிறது. அடித்தளத்தில் ஆல்சா. அதன்மேல் நெடுங்காலம் பல்ஸ்ஆடியோ. இப்போது விம் டேமன்ஸ் உருவாக்கிய பைப்வயர். ஃபெடோராவில் 2021-லும் உபுண்டுவில் 2022 அக்டோபர் வெளியீட்டிலும் இது இயல்பாக வந்தது.

சத்தம் வராத புகார்களில் கணிசமானவை, பரிமாறுபவர் வேறு பந்திக்குப் போய்விட்டதால் வருபவை. டிவியை எச்டிஎம்ஐ வயரில் இணைத்துவிட்டுப் பிடுங்கியிருப்பீர்கள். ஒலி இன்னும் டிவியைத் தேடிக்கொண்டிருக்கும். அமைப்புகளில் சவுண்டு பகுதியில் 'அவுட்புட்' எது என்று பார்த்து மாற்றினால் தீரும். புளூடூத் ஹெட்செட்டில் பாட்டு திடீரென்று பழைய லேண்ட்லைன் தரத்துக்கு இறங்கினால், ஏதோ ஒரு செயலி மைக்கைத் திறந்திருக்கிறது. மைக் வேண்டுமென்றால் ஹெட்செட் தரம் குறைந்த அழைப்பு முறைக்கு மாறிவிடும். அந்தச் செயலியை மூடி, சவுண்டு பகுதியில் ஏ2டிபி முறையைத் தேர்ந்தெடுத்தால் பழையபடி கேட்கும்.

கட்டணத் திரைத்தளங்களின் கதை தனி. அங்கே பண்டம் சீல் வைத்த டப்பாவில் வருகிறது. உலாவிக்குள் இருக்கும் வைட்வைன் என்ற பகுதிதான் சீலை உடைக்கும். லினக்ஸ் மேசைக்கணினியில் அது மென்பொருள் அளவிலான கீழ்ப்படிப் பாதுகாப்போடு இயங்குவதால், பல தளங்கள் தங்கள் உச்சத் தெளிவை அங்கே அனுப்புவதில்லை. உங்கள் டிரைவரையோ இணைய வேகத்தையோ திருத்தி இதைச் சரிசெய்ய முடியாது.

காலையில் அடுப்பு மூட்டுவது யார்?

இனி இரண்டாவது புகார். பவர் பொத்தானை அழுத்தியதும் முதலில் கண்விழிப்பது விண்டோஸும் இல்லை, லினக்ஸும் இல்லை. மதர்போர்டில் குடியிருக்கும் யூஇஎஃப்ஐ என்கிற மண்டப மேனேஜர். அவர் கையில் ஒரு பட்டியல் இருக்கிறது: முதலில் உபுண்டுவைக் கூப்பிடு, அவர் வராவிட்டால் விண்டோஸ் பூட் மேனேஜரைக் கூப்பிடு என்று. கூப்பிட வேண்டியவர்களின் முகவரி, வட்டில் இஎஸ்பி என்ற சின்னப் பகுதியில் இருக்கிறது. விண்டோஸ் இதற்கு வழக்கமாக ஒதுக்குவது 100 மெகாபைட். இரண்டு கோஷ்டியும் தத்தம் பெயரில் ஆளுக்கொரு உறை வைத்திருப்பது அங்கேதான். லினக்ஸின் உறைக்குள் க்ரப் இருக்கும். அதுதான் "எந்தக் கோஷ்டி வேண்டும்?" என்று நம்மிடம் கேட்கும் கறுப்புத் திரை.

"லினக்ஸையே காணோம்" என்ற புகாரில் பெரும்பாலும் லினக்ஸ் பத்திரமாகவே இருக்கும். ஒரு பெரிய விண்டோஸ் அப்டேட்டோ பயாஸ் அப்டேட்டோ மேனேஜர் கையிலுள்ள பட்டியலின் வரிசையை மாற்றியிருக்கும். கணினி தொடங்கும்போது பூட் மெனுவுக்கான விசையைத் தட்டுங்கள். டெல், லெனோவோவில் பொதுவாக எஃப்12, எச்பியில் எஃப்9. அங்கே உபுண்டு என்றோ ஃபெடோரா என்றோ பெயர் தெரிந்தால் தேர்ந்தெடுத்து உள்ளே போய்விடலாம். பிறகு பயாஸ் அமைப்பில் வரிசையை மாற்றினால் போதும். பெயரே இல்லையென்றால்தான், லைவ் யூஎஸ்பியில் ஏறி பூட் ரிப்பேர் போன்ற கருவியைக் கொண்டு உறையைத் திரும்ப வைக்க வேண்டும்.

தலைகீழ்ப் புகாரும் உண்டு: க்ரப் வருகிறது, அதில் விண்டோஸ் இல்லை. 2021-இல் வந்த க்ரப் 2.06, மற்ற கோஷ்டிகளைத் தேடிப் பட்டியலில் சேர்க்கும் ஓஎஸ்-புரோபர் என்ற ஆளைப் பாதுகாப்புக் காரணத்துக்காக இயல்பாக நிறுத்திவைத்தது. க்ரப்பின் அமைப்புக் கோப்பில் அந்தத் தடையை எடுக்கும் ஒரு வரியைச் சேர்த்து, க்ரப்பைப் புதுப்பித்தால் விண்டோஸ் தென்படும். விண்டோஸ் அழிந்துவிட்டது என்று பதறி ஃபார்மேட் செய்தவர்கள் எத்தனையோ பேர்.

லினக்ஸ் வேண்டாம் என்று முடிவு செய்து, விண்டோஸிலிருந்தபடி அதன் பார்ட்டிஷனை மட்டும் அழிப்பவர்களுக்கு அடுத்த முறை 'க்ரப்' என்ற சொல்லோடு ஒரு வெற்றுத் திரை காத்திருக்கும். உறை இருக்கிறது, உறையில் எழுதிய முகவரியில் ஆள் இல்லை. பூட் மெனுவில் விண்டோஸைத் தேர்ந்தெடுத்தால் சரி.

வாட்ச்மேனும் முத்திரையும்

மேனேஜர் கூப்பிட்டவர் எல்லாரும் உள்ளே வந்துவிட முடியாது. வாசலில் செக்யூர் பூட் என்ற வாட்ச்மேன் நிற்கிறார். மைக்ரோசாஃப்ட் முத்திரை பெற்ற அடையாள அட்டை வேண்டும். லினக்ஸ் வெளியீடுகள் ஷிம் என்ற சிறு நிரலுக்கு அந்த முத்திரையை வாங்கி வைத்திருக்கின்றன. ஷிம் உள்ளே வந்து, க்ரப்பின் அட்டையைத் தானே சரிபார்த்து அழைத்து வரும்.

2024 ஆகஸ்டில் இந்த வாசலில்தான் பெரிய தள்ளுமுள்ளு. க்ரப்பில் இருந்த ஒரு பழைய ஓட்டையை அடைக்க, செல்லாத அட்டைகளின் பட்டியல் ஒன்றை விண்டோஸ் அப்டேட் வழியாக மைக்ரோசாஃப்ட் அனுப்பியது. எஸ்பேட் என்று அதற்குப் பெயர். இரண்டு கோஷ்டி இருக்கும் கணினிகளில் அதைச் செயல்படுத்த மாட்டோம் என்று சொல்லியிருந்தார்கள். ஆனால் பல கணினிகளில் இரண்டாவது கோஷ்டி இருப்பதே அப்டேட்டின் கண்ணில் படவில்லை. அடுத்த நாள் லினக்ஸைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு, 'ஷிம் எஸ்பேட்' சரிபார்ப்பு தோற்றது என்ற செய்தி வந்து, கணினி அணைந்துவிட்டது. செக்யூர் பூட்டைத் தற்காலிகமாக நிறுத்தி, லினக்ஸுக்குள் போய் அந்தப் பட்டியலை நீக்கி, ஷிம்மைப் புதுப்பித்துவிட்டு, வாட்ச்மேனை மறுபடி நிறுத்த வேண்டியிருந்தது. மைக்ரோசாஃப்டின் முழுத் திருத்தம் வந்தது 2025 மே மாதம்.

படம் திணறுவதற்கும் இதே வாட்ச்மேன் காரணமாகலாம். என்விடியா டிரைவரை நிறுவும்போது சில வேளை உங்களிடம் ஒரு கடவுச்சொல் கேட்கும். மறுதொடக்கத்தில் ஒரு நீலத் திரை வந்து, "மோக் மேலாண்மைக்கு ஏதாவது ஒரு விசையை அழுத்துக" என்று சொல்லி, பத்திலிருந்து எண்ணத் தொடங்கும். என்னவோ ஏதோ என்று விட்டுவிட்டால் நேரே லினக்ஸ் திறந்துவிடும். டிரைவர் மட்டும் வாசலிலேயே நின்றுவிடும். கிரைண்டர் இல்லாத சமையல்கட்டு. அந்த நீலத் திரையில் 'என்ரோல் மோக்' என்பதைத் தேர்ந்தெடுத்து, முன்பு கொடுத்த கடவுச்சொல்லைத் தட்ட வேண்டும்.

அடுப்பில் பாதிச் சமையல்

இரண்டு புகாரும் ஒன்றாகச் சேரும் இடம் இது. "படம் டி டிரைவ்ல இருக்கு. விண்டோஸ்ல ஓடுது, லினக்ஸ்ல அந்த டிரைவே திறக்க மாட்டேங்குது." கோடெக்கைத் தேடிப் பயனில்லை. விண்டோஸ் 8 தொடங்கி 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' என்ற ஏற்பாடு இருக்கிறது. ஷட்டவுன் கொடுத்தால் விண்டோஸ் முழுதாக அணைவதில்லை. தன் உள்நிலையை ஒரு கோப்பில் எழுதிவைத்து, பாதி உறக்கத்தில் போகிறது. அண்டாவை இறக்காமல், "நாளைக்கு வந்து பாக்கியைப் பார்த்துக்கறேன், யாரும் தொடாதீங்க" என்று மூடிவைத்துப் போன மாதிரி.

மறுநாள் லினக்ஸ் கோஷ்டி வந்து அந்த அண்டாவில் கரண்டியை விட்டால், விண்டோஸ் திரும்பி வரும்போது கணக்கு உதைக்கும், கோப்புகள் சிதையும். அதனால்தான் லினக்ஸ் அந்த என்டிஎஃப்எஸ் டிரைவைத் திறக்க மறுக்கிறது, அல்லது படிக்க மட்டும் அனுமதிக்கிறது. அது செய்வது சரி. வற்புறுத்தித் திறக்க வைக்கும் கட்டளைகள் இருக்கின்றன, அவற்றைத் தொடாதீர்கள். விண்டோஸுக்குள் போய், கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ் பகுதியில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் எதிரே இருக்கும் டிக்கை எடுத்துவிட்டு, ஒருமுறை முழுதாக அணையுங்கள். ஷட்டவுனுக்குப் பதில் ரீஸ்டார்ட் கொடுத்து லினக்ஸுக்கு வந்தாலும் அன்றைக்குத் திறக்கும். ரீஸ்டார்ட்டில் விண்டோஸ் முழுதாகவே அணைகிறது.

சுவர்க் கடிகாரம், பூட்டிய உக்கிராணம்

லினக்ஸிலிருந்து விண்டோஸுக்குப் போனால் மணி ஐந்தரை மணி நேரம் பின்தங்கியிருக்கும். எல்லோரும் முதலில் மாற்றுவது மதர்போர்டு பேட்டரியை. பேட்டரியில் குற்றம் இல்லை. மதர்போர்டில் ஓடும் கடிகாரம் உலகப் பொது நேரத்தைக் காட்டுவதாக லினக்ஸ் எடுத்துக்கொள்கிறது. உள்ளூர் நேரத்தைக் காட்டுவதாக விண்டோஸ் எடுத்துக்கொள்கிறது. ஒருவர் திருத்தி வைத்ததை மற்றவர் தப்பாகப் படிக்கிறார். யாராவது ஒருவர் இறங்கி வர வேண்டும். விண்டோஸின் ரெஜிஸ்ட்ரியில் ஒரு மதிப்பைச் சேர்த்து அதைப் பொது நேரத்துக்கு மாற்றலாம். லினக்ஸை உள்ளூர் நேரத்துக்கு மாற்றும் ஒற்றைக் கட்டளையும் உண்டு. கோடையில் மணியை நகர்த்தும் நாடுகளில் இரண்டாவது வழி தொந்தரவு தரும். இந்தியாவில் அந்தப் பழக்கம் இல்லாததால் எந்த வழியும் ஒத்துவரும்.

பிட்லாக்கர் விஷயத்தில் மட்டும் விளையாடக் கூடாது. இது உக்கிராணத்தின் பூட்டு. வாசலில் ஏதாவது மாறியிருக்கிறதா என்று டிபிஎம் சிப் கண்காணிக்கும். செக்யூர் பூட்டை நிறுத்தினாலோ, தொடக்க வரிசையில் கை வைத்தாலோ, யாரோ வாசலை உடைத்திருக்கிறார்கள் என்று கருதி, 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கும். புதிய விண்டோஸ் 11 கணினிகள் பலவற்றில் இந்தப் பூட்டு நமக்குத் தெரியாமலே போடப்பட்டிருக்கும். சாவி பெரும்பாலும் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். அந்தக் கணக்கையும் மீட்க முடியாமல் போனால் உள்ளே இருக்கும் புகைப்படங்கள் போனது போனதுதான்.

எதிலிருந்து தொடங்குவது?

படம், பாட்டுக் கோளாறு என்றால் இந்த வரிசையில் கேளுங்கள்:

1. கோப்பு இருக்கும் டிரைவ் திறக்கிறதா? இல்லையென்றால் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பைப் பாருங்கள்.
2. விஎல்சியில் ஓடுகிறதா? ஓடினால் கோடெக் தொகுப்பை நிறுவுங்கள்.
3. ஓடியும் திணறுகிறதா? விஏஇன்ஃபோ பட்டியலையும் சிப்பின் தலைமுறையையும் பாருங்கள். என்விடியா என்றால் டிரைவர் உள்ளே வந்ததா என்று பாருங்கள்.
4. காட்சி சரி, ஒலி மட்டும் இல்லையா? வேறு படத்தில் ஒலி வந்தால் கோடெக். எதிலுமே வராவிட்டால் அவுட்புட்.

தொடக்கக் கோளாறு என்றால்:

1. பூட் மெனுவில் இரண்டு பெயரும் தெரிகிறதா? தெரிந்தால் வரிசையை மட்டும் மாற்றுங்கள்.
2. மேனேஜர் கூப்பிட்டு, வாட்ச்மேன் தடுத்தாரா? திரையில் வந்த செய்தியைக் கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஷிம், எஸ்பேட் என்ற சொற்கள் இருந்தால் செக்யூர் பூட்.
3. க்ரப் வருகிறது, விண்டோஸ் இல்லையா? ஓஎஸ்-புரோபர்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள், மாற்றியபின் சோதியுங்கள், பயன் இல்லையென்றால் பழையபடி வைத்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். நாலு கட்டளையைச் சேர்த்து ஒட்டிவிட்டால் எது தீர்த்தது, எது கெடுத்தது என்று யாராலும் சொல்ல முடியாது. இதையெல்லாம் தொடங்கும் முன்பே, விண்டோஸ் ஒழுங்காகத் திறக்கும் ஒரு நாளில், பிட்லாக்கர் மீட்புச் சாவியைக் காகிதத்தில் எழுதிப் பீரோவில் வையுங்கள். உங்கள் முக்கியமான கோப்புகளின் நகல் ஒன்றும் வெளி வட்டில் இருக்கட்டும். இந்த இரண்டும் கையில் இருந்தால், மேலே சொன்ன எந்தச் சோதனையையும் பயமில்லாமல் செய்து பார்க்கலாம்.